பழைய பேட்டரி எங்கே போகிறது?

அத்தியாயம் பதினொன்று

சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஹெலன் மறுபடியும் திருப்பினாள். மறுபடியும் அதே டிக். ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிந்த சிவப்பு விளக்குகள் மங்கிப்போய், பிறகு ஒன்றும் இல்லாமல் ஆயின.

நல்லவேளை, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடிந்து வந்ததும் காரைத் துடைத்து ஒருமுறை கிளப்பிப் பார்த்து வைப்பது அவள் வழக்கம். நாளைக்கு நைனாவை மெட்ராஸுக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். இந்தப் பழைய காரை வாங்கியதே அதற்குத்தான். பஸ் குலுக்கலில் அவருக்கு வயிற்று வலி வந்துவிடும். பாதி வழியில் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிடுவார்.

நைனா ஜெயராஜ், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஈயம் உருக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். பழைய பேட்டரிகளைக் கோடாரியால் பிளந்து, அமிலத்தைக் கொட்டிவிட்டு, உள்ளேயிருக்கும் தகடுகளை உருவி எடுக்கும் வேலை. கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். வேலை மட்டும் அவர் உடம்பை விட்டுப் போகவில்லை. ஈயம் நரம்பில் ஏறி இரண்டு கைகளும் மணிக்கட்டோடு தொங்கிப்போய்விட்டன. சோற்றைப் பிசைந்து வைத்தால் சாப்பிடுவார். சட்டைப் பொத்தானை யாராவது போட்டுவிட வேண்டும்.

அது அவரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஹெலனுக்குப் பிறகு அம்மா கங்கம்மாவுக்கு இரண்டு தடவை கர்ப்பம் கலைந்தது. ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. போன வருஷம் ஒரு டாக்டரம்மா நிதானமாக எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கேட்டார், “இவர் போட்டுக்கொண்டு வந்த சட்டையை யார் துவைத்தது?”

சட்டையில் ஒட்டி வந்த ஈயத்தூள் துவைத்தவளின் உடம்பிலும் ஏறியிருந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் நைனா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். இனிமேல் அந்தச் சனியன் இந்த வீட்டு வாசப்படி ஏறக்கூடாது.

இப்போது அண்ணி நர்மதாவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள். அம்மா தரையை ஒரு நாளைக்கு இரண்டு தடவை துடைக்கிறாள். போன வாரம் அண்ணன் பீட்டர் அண்ணிக்காக ஒரு ஏ.சி. வாங்கி வந்து மாட்டினான். பணம் ஏது என்று யாரும் கேட்கவில்லை. வெயில் அப்படி.

“இன்னாமா, ஸ்டார்ட் ஆவலியா?” குழாயடியிலிருந்து நைனா கேட்டார்.

“இல்ல நைனா.”

“பெட்ரோல் இருக்குதா?”

“இருக்குது.” ஹெலன் கொஞ்சம் தயங்கினாள். “பேட்டரி போயிடுச்சு போலருக்கு.”

ஜெயராஜ் பின்னால் நகர்ந்தார். அரை அடிகூட இருக்காது. ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

சீப்பால் தலையை வாரிக்கொண்டே பீட்டர் வெளியே வந்தான். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பைபாஸில் இருக்கும் கார் ஷோரூமில் அவன் சர்வீஸ் அட்வைஸர். காரை விட வருகிறவர்களிடம் இன்னின்ன மாற்ற வேண்டும், இவ்வளவு ஆகும் என்று சிரித்த முகத்தோடு சொல்வதுதான் அவன் வேலை. கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி என்று கிளம்பிவிடுகிறான்.

“பேட்டரியா? நான் ஆள் அனுப்பறேன். இழுத்துக்கினு போயி மாத்திக் குடுத்துடுவான்” என்றான்.

“எவ்ளோ ஆவும்?”

சொன்னான்.

“மோகன்ராஜ் அண்ணன் கடைல அதுல பாதிதான் ண்ணா. அதே கம்பெனி, அதே சைஸு. லைட்டு மங்குச்சேன்னு போன வாரமே போன் பண்ணிக் கேட்டு வெச்சேன்.”

“பேட்டரி அதேதான். யாரு இல்லேன்னா? எங்ககிட்ட லேபர் இருக்குது. ஸ்கேன் இருக்குது. ஏ.சி. ரூம்ல உக்கார வெச்சி ஒரு காபி இருக்குது.”

“நான் காபியே குடிக்க மாட்டேனே.”

“அதான் நீ முன்னேறவே இல்ல.”

உள்ளே நர்மதா சிரிக்கும் சத்தம் கேட்டது.

“நானே மாத்திடறேன் ண்ணா. ரெண்டு ஒயரு, ஒரு கிளாம்பு. இதுக்குப் போயி எதுக்கு?”

“தேர்வாய் கண்டிகைல கம்பெனி லேபுல டெஸ்ட் டியூப் கழுவுறவ பேட்டரி மாத்தப்போறாளாம். கேட்டுக்கினியா நர்மதா? ஷாக் அடிச்சா எங்கிட்ட வராத.”

“பன்னெண்டு வோல்ட்டு ஷாக் அடிக்காது. அதையெல்லாம் உன் கஸ்டமர்கிட்ட சொல்லு.”

பீட்டர் சிரித்தான். பிறகு அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

“சரி, ஒண்ணு பண்ணு. கடைலயே வாங்கிக்க. நீயே மாத்திக்க. பழசை மட்டும் அந்தாளுகிட்ட குடுத்துடாத. ஓரமா எடுத்து வை. சாயந்திரம் வந்து நான் எடுத்துக்கறேன்.”

“பழசைக் குடுத்தாதானே அவரு வெலையைக் கொறைப்பாரு?”

“அதுக்கு மேலயே நான் தரேன்.”

இதற்கென்ன இவ்வளவு அக்கறை என்று ஹெலன் நினைத்தாள். கேட்கவில்லை. அவள் எதையும் சட்டென்று கேட்கிற ஆள் இல்லை. ஆனால் குழாயடியில் நின்றவருக்குக் காது நன்றாகக் கேட்டது.

“பழசு உனக்கு எதுக்குப்பா?”

“எக்ஸ்சேஞ்சு நைனா. எங்க ஷோரூம்ல சேத்து வெச்சி மொத்தமா கம்பெனிக்கு அனுப்புவோம். ரீசைக்கிளிங்.”

“எந்தக் கம்பெனி?”

“லைசென்ஸு வாங்கின கம்பெனிதான்.”

“அதுக்கு ஒரு பேரு இருக்கும்ல?”

“இன்னா நைனா நீ, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா கோர்ட்டுல நிக்க வெச்சா மாதிரி?” பீட்டர் பைக்கை உதைத்துக் கிளப்பினான். “சாப்பாட்டுக்கு வரமாட்டேன்மா. சாயந்திரம் வந்துடுவேன்.”

பைக் திருப்பத்தில் மறையும்வரை ஜெயராஜ் பார்த்துக்கொண்டே நின்றார்.

*

மோகன்ராஜின் கடையில் பாதி ஷட்டர் மூடியிருந்தது. ஹெலன் குனிந்து உள்ளே போனாள். மோகன்ராஜ் மீட்டரின் இரண்டு முனைகளைப் புது பேட்டரியின் மேல் வைத்து அவளுக்கு எண்ணைக் காட்டினார்.

“பாத்துக்கம்மா. அப்புறம் சார்ஜு இல்லாம குடுத்துட்டான்னு சொல்லக்கூடாது.”

“சொல்ல மாட்டேன்ணே.”

“ஆரு மாட்டறது? பீட்டரா?”

“நானே.”

“ஸ்பானர் இருக்குதா?” அவள் இல்லையென்று தலையாட்டியதும் ஒன்றை எடுத்துப் பையில் போட்டார். “நாளைக்குக் குடு. கழட்டும்போது மைனஸை மொதல்ல கழட்டணும். தெரியும்ல? பழசைக் கொண்டாந்து குடுத்துடு, வெலைல கழிச்சிக்கறேன்.”

ஹெலன் பேட்டரியைப் பார்த்தபடியே கேட்டாள். “பழசெல்லாம் எங்கண்ணே போவும்?”

மோகன்ராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தார். “உங்க நைனா கேக்கச் சொன்னாரா?”

“இல்லண்ணே. நானாதான் கேக்கறேன்.”

“நான் கம்பெனி வண்டிலதான் ஏத்தறேன். எடை போட்டு, சீட்டு வாங்கிக்கினு. கம்பெனில பொகையை வெளிய உடாம புடிக்கிறதுக்கு மிஷினு இருக்குது, செக் பண்றான். ஆனா இப்பக் கொஞ்ச நாளா ஒரு குட்டி யானை லோடு வண்டி சுத்துது. கம்பெனியைவிட கூட தரேன்றான். சீட்டுக் கெடையாது. எங்கியோ ஏரிக்கரைப் பக்கம் கொட்டாய் போட்டு, ஒடைச்சி, அங்கியே அடுப்பு வெச்சி உருக்கறாங்களாம். நான் தரமாட்டேன்னுட்டேன். ‘ஷோரூம்காரனே தரான், உனக்கு இன்னா வந்துச்சி’ன்னு கேக்கறான்.”

“எந்த ஷோரூமுண்ணே?”

மோகன்ராஜ் கயிற்றை எடுத்துப் பேட்டரியைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தார். முடிச்சு சரியாகவே விழுந்திருந்தது. அவிழ்த்துவிட்டு மறுபடியும் போட்டார்.

“வெயில் ஏறுதுமா. கெளம்பு.”

ஹெலன் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் பேட்டரியை வைத்து, இரண்டு பாதங்களாலும் அணைத்துக்கொண்டு ஓட்டினாள். ஸ்டேஷன் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்திலும் அது அவள் கணுக்காலில் இடித்தது. பழசை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தது. அண்ணன் கையில் அதைக் கொடுக்க அவளுக்கு இஷ்டமில்லை. ஏன் என்று தன்னிடமே சொல்லிக்கொள்ள பயமாக இருந்தது.

*

வாசலில் கங்கம்மா காத்திருந்தாள்.

“நீ போட்டுருக்கறது காட்டனா?”

“ஆமா.”

“காட்டனை ஆசிட்டு தின்னுடும். போயி மாத்திக்கினு வா. என் பழைய பாலியஸ்டர் பொடவை ஒண்ணு கொடில தொங்குது, அதை மேல சுத்திக்க. நர்மதா, நீ உள்ள போயிக் கதவைச் சாத்திக்க கண்ணு. இவ முடிக்கற வரைக்கும் வெளிய வராத.”

“அத்தே, உள்ள ரொம்பக் குளுருது.”

“போத்திக்க.”

ஹெலன் மாற்றிக்கொண்டு வந்தபோது அம்மா ஒரு குண்டானில் தண்ணீர் பிடித்து, ஆப்ப சோடாவைக் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தாள். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைக் கழுவ இதுதான் சரி என்று ஹெலன் படித்திருந்தாள். அம்மா எங்கும் படித்ததில்லை.

“உனக்கு எப்பிடிமா தெரியும்?”

“உங்க நைனா சட்டைக்கு இது போடாம நான் தொவைச்சதே இல்ல.” கங்கம்மா கலக்குவதை நிறுத்தவில்லை. “கழட்டிப் போடறப்ப சட்டை நல்லாத்தான் இருக்கும். அலசிப் பிழிஞ்சா சல்லடை. தண்ணி பட்டாத்தான் தெரியும் அது. கல்யாணமான புதுசுல எனக்கு இன்னா தெரியும்? எலி கடிக்குதுன்னு நெனச்சிக்கினு பொறி வெச்சேன்.”

“எலிப்பொறியா?”

“ரெண்டு எலி மாட்டவும் மாட்டிச்சி. ஓட்டை நிக்கலை.”

ஹெலனுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அமிலத்தில் இருக்கும் தண்ணீர் காய்ந்துவிடும், அமிலம் காயாது, நூலுக்குள்ளேயே உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், தண்ணீரில் போட்டுக் கசக்கும்போது தின்ற இடம் விட்டுப்போகும். அவளால் அதை விளக்க முடியும். அம்மாவுக்கு அது தேவையில்லை.

காரின் பானெட்டை நிறுத்தி வைக்கும் கம்பி எப்போதோ உடைந்துவிட்டது. வழக்கமாக ஒரு கட்டையை முட்டுக் கொடுப்பார்கள். ஹெலன் கட்டையைத் தேடியபோது ஜெயராஜ் தானாகவே வந்தார். குழாயடியிலிருந்து கொஞ்சம், துளசிச் செடி பக்கத்தில் கொஞ்சம் என்று நின்று நின்று வந்து, முன்னங்கையை பானெட்டுக்குக் கீழே கொடுத்தார். மணிக்கட்டுக்குக் கீழே கை தொங்கியது. மற்றபடி முன்னங்கை இன்னும் பலமாகத்தான் இருந்தது.

“நைனா, நீ தள்ளியே இரு.”

“மூடியைத்தானே புடிச்சிக்கினு இருக்கேன். நீ பாரு.”

அவள் மைனஸ் ஒயரைக் கழற்றினாள். பிறகு பிளஸ். கிளாம்ப் துருப்பிடித்து அசையவில்லை. சோடாத் தண்ணீரை ஊற்றியதும் வெள்ளைப் பொடி நுரைத்துப் பொங்கி வழிந்தது. ஒரு தட்டு, இரண்டு தட்டு, விட்டுக்கொடுத்தது. பழைய பேட்டரியை இரண்டு கைகளாலும் தூக்கித் தரையில் வைத்தாள். தூக்கும்போது நைனா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது அவளுக்குத் தெரிந்தது.

புதியதை உட்கார வைத்தாள். மைனஸை மாட்டி முறுக்கினாள். பிறகு பிளஸை மாட்டி ஸ்பானரைச் சுற்றினாள்.

பளீரென்று ஒரு பொறி. ஸ்பானரின் மறுமுனை பக்கத்து இரும்பில் பட்டுவிட்டது. ஹெலன் ‘அம்மா’ என்று கத்திக் கையை உதறினாள். அதிர்ச்சியில் ஜெயராஜின் கை விலகியது. பானெட் கீழே வந்தது. அவர் தோளைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். அவள் தலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளியில் அது நின்றது.

“பட்டுச்சா? எங்க பட்டுச்சி?”

“ஒண்ணும் இல்ல நைனா. உன் தோளு?”

“தோளை உடு. இன்னா ஆச்சி?”

“நான்தான் தப்புப் பண்ணிட்டேன். கழட்டும்போது மைனஸு மொதல்ல. மாட்டும்போது அது கடைசியா வரணும். அதே வரிசைல மாட்டிட்டேன்.”

“எனக்கு இதெல்லாம் தெரியாதுமா.” ஜெயராஜ் தோளில் பானெட்டோடு குனிந்து உள்ளே பார்த்தார். “எனக்கு ஒடைக்கத்தான் தெரியும். இது இப்பிடித்தான் உக்காந்துக்கினு இருக்குமா? நான் பாத்ததே இல்ல.”

அத்தனை வருஷம் அவர் கைக்கு வந்தவையெல்லாம் செத்தவை. ஹெலன் அதை அப்போதுதான் யோசித்தாள்.

எல்லாவற்றையும் கழற்றி, முதலிலிருந்து சரியாக மாட்டினாள். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். கார் கிளம்பியது.

“நல்ல சத்தம்” என்றார் ஜெயராஜ்.

அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. ஷோரூமுக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தால் இது கிடைத்திருக்காது என்று ஹெலன் நினைத்தாள். மத்தியானம் முழுக்க அந்தச் சந்தோஷம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

பழைய பேட்டரியை ஷீட்டுக் கொட்டகையின் மூலையில் ஒரு பலகை மேல் நேராக வைத்து, சாக்கால் மூடச் சொன்னார் நைனா. பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அதன் முன்னால் போடச் சொன்னார். சாப்பிட்டதும் போய் அதில் உட்கார்ந்துகொண்டார்.

“நைனா, வெயில் அனல் அடிக்குது. உள்ள வா.”

“இருக்கட்டும்மா. அவன் வரட்டும்.”

*

வெயில் இறங்கியதும் ஹெலன் கொல்லைப்புறம் போனாள். விரல் நகங்களில் இன்னும் கறுப்பு இருந்தது. துணி துவைக்கும் கல்லின் பக்கத்தில் நர்மதா ஒரு முக்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு வாளி.

“அண்ணி, நீங்க எதுக்குத் தொவைக்கறீங்க? அம்மா தொவைப்பாங்கல்ல?”

“உங்க அண்ணன் சட்டையை மட்டும் நான்தான் தொவைக்கறேன். அம்மாவுக்குக் கஷ்டம் குடுக்காத, நீயே அலசிடுன்னு சொல்லியிருக்காரு. ரூம் ஜன்னல்லயே காயப்போட்டுடுவேன்.” நர்மதா சிரித்தாள். “எனக்கும் பொழுது போவணுமே. உள்ளயே உக்கார வெச்சிட்டீங்க.”

அவள் நீலச் சட்டையைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பிழிந்து உதறினாள்.

“ஆனா பாரேன் ஹெலன், சோப்பை மாத்தணும் போலருக்கு. இந்த மாசத்துல இது மூணாவது சட்டை.”

அவள் சட்டையை வானத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தாள்.

வயிற்றுப் பக்கம், ஒரு பெட்டியைத் தூக்கி அணைத்துக்கொண்டால் படுகிற இடத்தில், ஊசியால் குத்தியது போலப் பொடிப் பொடியாக ஓட்டைகள். ஒவ்வொன்றின் வழியாகவும் சாயங்கால வெளிச்சம் வந்தது.

சர்வீஸ் அட்வைஸர் பேட்டரியைத் தூக்குவதில்லை. அவன் கையில் பேனா இருக்கும், போன் இருக்கும்.

“மொதல்ல எலி கடிக்குதோன்னு நெனச்சேன்” என்றாள் நர்மதா. “பொறி ஒண்ணு வெக்கலாமா?”

பின்னால் பாத்திரம் ஒன்று தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. கங்கம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

அவள் வந்து நர்மதாவின் கையிலிருந்து சட்டையை வாங்கிக்கொண்டாள். சத்தம் போடவில்லை. அழவும் இல்லை.

“எழுந்திரு கண்ணு. கையைக் கழுவு. சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் கழுவு.”

“இன்னா அத்தே?”

“கழுவு மொதல்ல.”

நர்மதா எழுந்து குழாயைத் திறந்தாள். கங்கம்மா உள்ளே போய் சோடாப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். மிச்சமிருந்த எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் கொட்டினாள். இத்தனை வருஷத்துப் பழக்கம், கை தானாகச் செய்தது.

சோடா அமிலத்தை அடக்கிவிடும். ஈயத்தூளை அது ஒன்றும் செய்யாது. ஹெலன் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

அப்போது முன்பக்கம் பைக் வந்து நின்றது.

*

“நைனா, இன்னா இங்க உக்காந்துக்கினு இருக்க? மாட்டிட்டாளா? பலே.” பீட்டர் கொட்டகைக்குள் வந்தான். “பழசு எங்க, இதுதானா? நவுரு, எடுத்துக்கறேன்.”

ஜெயராஜ் நகரவில்லை.

கங்கம்மா வீட்டுக்குள்ளேயே நடந்து முன்பக்கம் வந்தாள். ஈரச் சட்டை வழியெல்லாம் சொட்டிக்கொண்டு வந்தது. அதைக் கணவனின் மடியில் விரித்துப் போட்டாள். அவருக்கு அதைத் தூக்கிப் பிடித்துப் பார்க்க முடியாது. தேவையும் இல்லை. குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பீட்டர் பேட்டரியை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

“இதை யாரு தொவைச்சது?” என்று கேட்டார் ஜெயராஜ்.

கொல்லைப்புறத்தில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

“நான் ஒடைக்கல நைனா” என்றான் பீட்டர். “சத்தியமா. ஷோரூம்ல இருந்து எடுத்து வண்டில ஏத்தி உடறதோட சரி. ஏத்தும்போது ரெண்டு லீக்கு இருந்துச்சி, மேல பட்டுடுச்சி. ஏத்தறதால ஒண்ணும் ஆவாது. எனக்குத் தெரியாதா? எல்லாம் அந்தக் கொட்டாயிலதான்.”

“நீ கொட்டாய்க்கு உள்ள போனதே இல்லியா?”

பீட்டர் தரையைப் பார்த்தான். “எடை போடப் போவேன். நின்னுட்டு வந்துடுவேன்.”

ஹெலன் கண்ணை மூடிக்கொண்டாள். அடுப்பு எரியும் கொட்டகைக்குள் நின்றுவிட்டு வருகிறவனின் சட்டையில் அமிலம் மட்டுமா இருக்கும்?

“அப்ப யாரு ஒடைக்கறாங்க?” என்றார் ஜெயராஜ்.

“வடக்கத்தி ஆளுங்க. நாலு பேரு. அங்கியே தங்கிக்கினு...”

“கையில இன்னா போட்டுக்கறாங்க?”

பீட்டர் தன் உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்தான்.

“அவங்க சட்டையை யாரு தொவைக்கறாங்க?”

“நைனா, நான் ஆருக்குப் பண்றேன்? அவளுக்குத்தானே. அவளுக்கும் பொறக்கப்போற கொழந்தைக்கும்தானே. உன்னாட்டம் ஆயுசு முழுக்க...” அவன் அதை முடிக்கவில்லை.

“நானும் உங்களுக்குத்தாம்பா பண்ணேன்” என்றார் ஜெயராஜ்.

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். மடியிலிருந்த சட்டை நழுவித் தரையில் விழுந்தது. முன்னங்கையால் சாக்கைத் தள்ளிவிட்டார்.

“இதைத் தூக்கி கார்ல வை. கவுத்துடாம நேரா வை.”

“எதுக்கு?”

“எங்க போவுதுன்னு எனக்குக் காட்டு.”

“இப்பவா? வேணாம் நைனா. உனக்கு ஒடம்பு... நாளைக்கு ஆஸ்பத்திரி வேற இருக்குது. போயிட்டு வந்து பேசிக்கலாம்.” பீட்டர் தங்கையைப் பார்த்தான். ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கு மட்டும் புரிகிற பார்வை. “கார் ஓடுமா ஓடாதான்னே தெரியல. ஏய் ஹெலனு, ஓட்டிப் பாத்தியா? நடு வழில நின்னுச்சின்னா?”

“நிக்காது” என்றார் ஜெயராஜ். “என் பொண்ணு மாட்டியிருக்கா.”

அவர் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். கங்கம்மா வந்து பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டாள். பீட்டர் பழைய பேட்டரியைத் தூக்கி, பின்னால் காலடியில் வைத்தான். தூக்கும்போது அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டான். அது எத்தனை நாள் பழக்கம் என்று அவனைப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது.

ஹெலன் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டாள். வாசலில் நர்மதா வந்து நின்றாள். முழங்கை வரை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

“எங்க போறீங்க எல்லாரும்?” என்று கேட்டாள்.

காலையில் கேட்ட அந்த ‘டிக்’ சத்தம் இன்னும் ஒருமுறை, ஒரே ஒருமுறை வந்தால் போதும் என்று ஹெலன் வேண்டிக்கொண்டாள்.

சாவியைத் திருப்பினாள். கார் உடனே கிளம்பியது.